சத்தியம் செய்தவர் நம்மவரானால்?



அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் பொய்ச் சாட்சி சொன்னாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டும் பதவியில் நீடித்தாரே, அது முறையா எனப் பாரிவாக்கத்துத் தோழர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கின்றனர். பூவிருந்தவல்லிப் பக்கத்துச் சிற்றூருக்கு வாஷிங்டன் வம்பு ஏன் என்பாரும் உளர். ஊராட்சிக்கும் தலைவர் உண்டு, அவரும் உறுதிமொழி கூறியே நாற்காலி ஏறுகிறார் என்பதை அன்னார் மறந்தனர் போலும்!

1998 டிசம்பர் 19 அன்று பிரதிநிதிகள் சபை அவர்மீது இரு குற்றங்களைச் சாட்டியது. ஒன்று, சத்தியம் செய்து பொய்யுரைத்தது. மற்றொன்று, நீதிக்குத் தடை செய்தது. 1999 பிப்ரவரி 12 அன்று செனட் சபை அவரை விடுவித்தது. பொய்ச் சாட்சிக்கு, குற்றவாளி என்றோர் 45. இல்லை என்றோர் 55. அந்த 45 பேரில் கிளிண்டன் கட்சியினர் ஒருவர்கூட இல்லை! எதிர்க்கட்சியிலோ பத்துப் பேர் குற்றமில்லை என்றனர். கட்சி காப்பாற்றிற்று, நீதிமன்றம் விடவில்லை. அவ்வாண்டே நீதிபதி ஒருவர், வாக்குமூலத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னார் எனக் கண்டு, அவமதிப்புக்கு அபராதம் விதித்தார். 2001இல் வழக்கறிஞர் உரிமமும் ஐந்தாண்டு நிறுத்தப்பட்டது.

கேட்கத்தகாத அந்தரங்கத்தைக் கேட்டனர் என்று அவருக்காக வாதாடினர். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், பதிலளிக்க மறுப்பது வேறு. சத்தியம் செய்துவிட்டுப் புரட்டுவது வேறு.

நம் நாட்டுக்கு வருவோம். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம், குருவி சேர்ப்பதுபோல் மக்கள் கட்டிய பணம், ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் கொட்டப்பட்டது. நாடாளுமன்றத்தில் அதைக் கிளறியவர் யார்? எதிர்க்கட்சிக்காரரா? அல்லர்! ஆளும் காங்கிரசின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், பெரோஸ் காந்தி! நீதிபதி சாக்ளா மக்கள் முன்னிலையில் விசாரித்தார். ஒப்புதல் தரவில்லை என்றார் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, பெற்றேன் என்றார் செயலர் எச்.எம்.பட்டேல். செயலரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் நம் சென்னைக்காரர் பதவி துறந்தார். (1962இல் அமைச்சரவைக்குத் திரும்பியும் வந்தார், அது தனிக்கதை.)

பெரோஸ் காந்தி வாய்மூடி இருந்திருந்தால்? கட்சிக்கு நல்லவர், வீட்டுக்கு நல்ல மருமகன் என்ற பெயர் கிடைத்திருக்கும். முந்த்ராவும் நன்றி கூறியிருப்பார்!

இன்று சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நிற்போர் சொத்தையும் வழக்குகளையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தர வேண்டும். பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. மாற்றாரின் பத்திரத்தை நாம் பூதக்கண்ணாடி கொண்டு துருவுகிறோம். நம் வேட்பாளரின் பத்திரத்தை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? அதில் பொய் கண்டால் கிளைக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? பாரிவாக்கத்துத் தோழர்கள் கிளிண்டனைப் பற்றிக் கேட்டார்கள். நான் அவர்களைக் கேட்பது இதைத்தான்.