கேஸ் ஷீட்டில் ‘கூலி’

ஆம்பூர் அருகே கள ஆய்வுக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டில் அக்கா ஒருவர் மஞ்சள் பையிலிருந்து மருத்துவமனைக் கோப்பை எடுத்துக் கொடுத்தார். அவருடைய கணவருக்கு மூக்கின் உட்பகுதியில் புற்றுநோய். ஷூ தொழிற்சாலையில் தோலைத் தேய்க்கும் பஃபிங் வேலையை 19 ஆண்டுகள் செய்தவர். பீடி உண்டா, குடி உண்டா என்பதற்கெல்லாம் கோப்பில் பதில் இருந்தது. ‘தொழில்’ என்ற இடத்தில் மட்டும் ஒரே சொல்: கூலி.

அந்த ஒரு சொல்லில் முதலாளி தப்பித்துவிடுகிறார்.

தோல் தூசி மூக்கில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. ஆனால், நோய் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒப்பந்தக்காரர் மாறியிருப்பார், கம்பெனியின் பெயரும் மாறியிருக்கும். அங்கே வேலை செய்தேன் என்பதையே தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

அப்படியானால் செலவு யார் தலையில்? சிகிச்சையின் ஒரு பகுதியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. அது மக்களின் வரிப்பணம். சென்னைக்குப் பேருந்துக் கட்டணம், கூட இருப்பவர் இழக்கும் சம்பளம், அடகுக்குப் போன கம்மல் ஆகியவை குடும்பத்தின் தலையில். “பொண்ணு காலேஜை நிறுத்திட்டு அதே கம்பெனிக்குத் தைக்கப் போறா தம்பி” என்றார் அக்கா. பொருளியலில் நான் படித்த எந்த உற்பத்திச் செலவுக் கணக்கிலும் இந்தக் கம்மலும் காலேஜும் இல்லை. ஏற்றுமதியாகும் ஷூவின் மலிவு விலைக்குள் அவை ஒளிந்திருக்கின்றன.

தோலைத் தொடும் வேலை யார் மீது சுமத்தப்பட்டது என்பது நமக்குத் தெரியும். சாதி அந்த வேலையோடு அதன் நோயையும் கடனையும் சேர்த்தே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கிறது.

வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் பாலாற்றைப் பாழாக்கிய வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெட்டுப்போன நிலத்துக்கு இழப்பீடு கணக்கிட்டார்கள். கெட்டுப்போன உடலுக்கு அதே நியாயம் ஏன் பொருந்தாது?

என்ன வேலை, எந்த ஆலை, எத்தனை ஆண்டு என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதை அரசு கட்டாயமாக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பணிப் பதிவேட்டைத் தானே பாதுகாக்கட்டும். சிகிச்சைச் செலவையும் இழந்த சம்பளத்தையும் தோல் துறையிடம் தனி வரியாக வசூலிக்கட்டும். ‘கூலி’ என்று எழுதிக் கோப்பை மூடும்வரை, ஷூவை விற்பவர் லாபத்தை எடுத்துக்கொள்வார். மருத்துவச் சீட்டு மட்டும் சேரியில் தங்கும்.