உறங்காத கையில் கத்தியா?

ஆலத்தியூர் சிமெண்டு ஆலையின் உலை, நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்டும் வீட்டு அடுப்பல்ல. இரவென்றும் பகலென்றும் பாராமல் எரியும்; சுண்ணாம்புக்கல்லை வேகவைத்துக்கொண்டே இருக்கும். உலை ஓய்வதில்லை என்பதற்காக, அதன் முன் நிற்கும் தோழனும் 36 மணி நேரம் ஓய்வின்றி நிற்கவேண்டும் என்று எவரேனும் சொல்வாரா? சொன்னால்தான் சும்மா விடுவோமா? உலை ஓடும், ஆள் மாறுவான். அதற்குப் பெயர்தான் ஷிப்டு!

இது எவரும் இரங்கிப் போட்ட பிச்சையன்று. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய நாள்தொட்டுப் போராடிப் பெற்ற உரிமை. வாரம் 48 மணி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே நாளன்றே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. உழைப்பவன் உடலுக்கும் எல்லை உண்டென்பதை இந்த நாடு அறியும்.

அறிந்த நாடு, ஓரிடத்தில் மட்டும் அதை மறந்துவிட்டது. அந்த இடம், நமது அரசு மருத்துவமனை!

அறுவை மருத்துவம் பயிலும் இளைஞனைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவன், மேற்படிப்பு மூன்றாண்டு. காலையில் வார்டுக்குள் நுழைகிறான். இரவு அவசரப் பிரிவில் நிற்கிறான். மறுநாள் காலையும் அங்கேயே இருக்கிறான். பயிற்சி மருத்துவர்கள் 36 மணி நேரம்வரை தொடர்ந்து வேலை பார்க்கும் கொடுமை பற்றி 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே கவலை தெரிவித்தனர். விதி இல்லையா? இருக்கிறது! நாளொன்றுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதே பொது வரம்பு என்று டில்லி அரசு 1992 ஜூனிலேயே ஆணை பிறப்பித்தது. 2023 டிசம்பரில் வந்த மேற்படிப்பு விதிகளோ, “நியாயமான வேலை நேரம்” என்று சொல்லி, எண்ணைச் சொல்லாமல் நழுவின. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024இல் தந்த அறிக்கை, வாரம் 74 மணியைத் தாண்டக்கூடாது என்றது. 48 எங்கே, 74 எங்கே! அந்த 74கூட நடைமுறைக்கு எட்டாத கனியாக இருக்கிறது.

“நேரத்தைக் குறைத்தால் கை எப்படிப் பழகும்?” என்று மூத்த மருத்துவர்கள் கேட்கிறார்கள். கேலி செய்து தள்ளிவிடும் கேள்வி அல்ல இது. அறுவை என்பது ஏட்டில் படித்து வருவதல்ல. கையில் படிந்து வருவது. கொத்தனார் கரணை பிடித்துப் பழகுவதுபோல, கத்தி பிடித்துத்தான் பழகவேண்டும். கணக்கும் அவர்கள் பக்கம் இருப்பதுபோலத்தான் தோன்றும். வாரம் 100 மணி, ஆண்டுக்கு 50 வாரம், மூன்றாண்டு என்றால் 15,000 மணி. 48 என்றாக்கினால் 7,200தான். பாதிக்கும் குறைவு! நாளை நம் பிள்ளையின் குடல்வால் வெடித்து, நள்ளிரவில் மேசைமேல் கிடத்தும்போது, கத்தி பிடிப்பவன் பாதிப் பயிற்சி பெற்றவனாக இருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: அந்த 15,000 மணியில் கத்தி கையில் இருந்த மணி எத்தனை?

இரத்தக் குழாய்களைச் சோதனைக் கூடத்துக்குத் தூக்கி ஓடிய மணி எத்தனை? ஸ்கேன் முடிவுக்காகக் காத்துக் கிடந்த மணி எத்தனை? ஆளில்லாத தள்ளுவண்டியைத் தானே தள்ளிய மணி எத்தனை? படிவத்தின் மேல் படிவமாக எழுதிக் குவித்த மணி எத்தனை? இவை கையைப் பழக்கும் கல்வியா, ஆள் பற்றாக்குறையை மறைக்கும் இலவச உழைப்பா?

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். நாலாமவருக்கு ஆள் போடாமல், அவர் வேலையையும் இரண்டாமவர் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் “பயிற்சி” என்று பெயர் சூட்டியிருக்கிறோம்!

வெளிநாடு சொல்வது என்ன? ஐரோப்பியச் சட்டப்படி 2009 முதல் பிரிட்டனில் இளம் மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி. பயிற்சி கெடுமே என்ற கூக்குரல் அங்கும் எழுந்தது. ஆராய்ந்த பேராசிரியர் ஜான் டெம்பிள் 2010இல் அறிக்கை தந்தார். 48 மணிக்குள் தரமான பயிற்சி தரமுடியும்; ஆனால் மூத்தவர் மேற்பார்வையின்றி இரவுப் பணியை இளைஞர் தலையில் சுமத்தும் பழைய ஏற்பாடு நீடித்தால் முடியாது என்பதே அதன் சாரம். நேரத்தை மட்டும் வெட்டிவிட்டு முறையை மாற்றாமல் விட்டால், மூத்தவர்களின் அச்சம் பலித்துவிடும்.

அமெரிக்காவில் 2003 முதல் நாடு முழுதும் 80 மணி வரம்பு. அங்கே 117 அறுவைப் பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரே முறைப்பணியின் நீளத்தைத் தளர்த்தியதால் நோயாளிக்குக் கேடு கூடவில்லை என்றது. இதை எடுத்துக்காட்டி, “பார்த்தீர்களா, வரம்பே வேண்டாம்” என்பார் உண்டு. முழுதும் படியுங்கள் ஐயா! தளர்த்திய இடத்திலும் வாரம் 80 மணி என்ற வேலி அப்படியே இருந்தது. வேலிக்குள் எப்படி மேய்வது என்பதே அந்த ஆய்வு. வேலியைப் பிடுங்குவது அல்ல.

மருத்துவமனையையே வீடாக்கும் இந்தப் பயிற்சி முறையை 1889க்குப் பின் அமெரிக்காவில் உருவாக்கியவர் ஹால்ஸ்டெட். பெரும் மேதை. மயக்கமருந்து ஆராய்ச்சியில் தம்மீதே கோகெய்னைச் சோதித்து, அதற்கே அடிமையானவரும் அவர். அவர் வகுத்த வழியை மூன்று வேளைச் சோறும் ஆறு மணி உறக்கமும் தேடும் சாதாரண மனிதன் தலையில் ஏற்றுவதா?

அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் தோழனுக்கு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவுக்கு மேல் இருந்தால் தண்டனை. 17 மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம் 50 மில்லிகிராம் மது அருந்தியவன் நிலைக்கும், 24 மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம் ஏறக்குறைய 100 மில்லிகிராம் நிலைக்கும் ஒப்பானது என்று 1997இலேயே ஆய்வு காட்டியது. லாரியை நிறுத்தி ஊதச் சொல்கிறோம். அறுவைக் கூடத்தின் வாசலில் கேட்பார் யார்?

ஆள் மாறினால் நோயாளியின் விவரம் தவறிப்போகும் என்பதும் மெய்யான அச்சமே. ஆலையில் அதற்கு என்ன செய்கிறோம்? போகிறவன் வருகிறவனிடம் ஏட்டைக் காட்டி, எது சூடு, எது கோளாறு என்று சொல்லிவிட்டே போகிறான். வட அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் ஒப்படைப்புக்கு ஒழுங்கான முறை வகுத்தபோது, மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன என்று 2014இல் வெளியான ஆய்வு கூறியது. தொழிலாளிக்குத் தெரிந்த வித்தை, மருத்துவனுக்கு வராதா என்ன?

2022 ஜனவரியில் அரியலூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நம் மண்ணின் மக்கள் மருத்துவராகும் வாசல் அது. மேற்படிப்பு மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றவும் விதி வந்திருக்கிறது. வருகிறவரை எடுபிடி ஆளாக்காமல் அறுவை மேசையருகே நிறுத்தவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது: வேலை நேரத்துக்கு எண்ணால் வரம்பு, அதை மீறினால் கேட்க அதிகாரி. தூக்கவும் தள்ளவும் எழுதவும் தனி ஊழியர், நிரந்தர வேலையில். இரவிலும் அருகே நிற்கும் மூத்த அறுவை மருத்துவர். முடிச்சும் தையலும் நோயாளிக்கு முன்பே பழகப் பயிற்சிக்கூடம். எத்தனை மணி நின்றான் என்பதல்ல, எத்தனை அறுவையை எத்தகைய தேர்ச்சியுடன் செய்தான் என்பதே தகுதிக் கணக்கு. அதற்கும் காலம் போதாதென்றால், முழுச் சம்பளத்துடன் பயிற்சியை நீட்டுங்கள், உறக்கத்தைத் திருடாதீர்கள்.

இது செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் தனியார் மருத்துவமனைக்குப் போக வழியுள்ளவன் தப்பிவிடுவான்; அரசு மருத்துவமனை மேசைமேல் படுப்பவன் பாட்டாளி. அவன் வயிற்றைத் திறக்கும் கை, பழகிய கையாகவும் இருக்கவேண்டும். உறங்கி எழுந்த கையாகவும் இருக்கவேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவனிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தோழர்களே, சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கையையும் தீர்மானமாக்குங்கள்!