மூலக்குளத்துச் சாலையும் பாடசாலையும்

பள்ளிக்கூடம் விடும் மாலை வேளையில் மூலக்குளத்தில், வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் சாலையோரம் சிறிது நேரம் நின்று பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம். பஸ்ஸும் லாரியும் இடைவிடாது ஓடும் அச்சாலையில், மீசை அரும்பாத பிள்ளைகள் மூவராக ஒரே ஸ்கூட்டரில் பறப்பதைக் காணலாம். வண்டியைக் கொடுத்தவர் யார்? பெற்றோரே! 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, லைசென்ஸ் இல்லாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. நாமும் சட்டம் பயின்றவர்களே. ஆயினும் தண்டனையால் மாத்திரம் ஜனங்களுக்கு நிதானம் புகட்டிய ராஜ்யம் எதையும் நாம் அறியோம்.

ஆகவே பாடசாலையே வழி. ஜனவரிதோறும் நடக்கும் ஊர்வலமும் பிரசங்கமும் போதா. தனிப் பாடமாக வைத்தாலோ, பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு நெட்டுருப் பண்ணி மறுநாளே மறப்பார்கள். எட்டாம் வகுப்பு முதல், இருக்கும் பாடங்களிலேயே இதைக் கலந்துவிட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் அபாயத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு வினாடி தாமதித்தால், அதற்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். இது கணக்கு. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இது பௌதிகம். அந்த 17 மீட்டரைப் பள்ளி மைதானத்தில் அளந்து, நடந்து பார்த்த பிள்ளை அதை மறக்கமாட்டான். தலைக்கவசம் மூளையை எவ்வாறு காக்கிறது என்பதை உடற்கூறு வகுப்பிலும், மேற்சொன்ன சட்டத்தைக் குடிமையியலிலும் சொல்லலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் பற்றித் தமிழாசிரியர் ஒரு வியாசம் எழுதச் சொல்லட்டும். எந்தத் திருப்பத்தில் ஆபத்து என்பது பெரியவர்களுக்கும் அதில் தெரியவரும்.

1954 வரை புதுவையை ஆண்ட பிரான்ஸ் தேசத்தில் இம்முறை வெகுநாளாக உண்டு. பன்னிரண்டு, பதினான்கு வயதையொட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இரண்டு சாலைப் பரீட்சைகள் நடக்கின்றன. இரண்டாவதன் சான்று, பின்னால் மோட்டார் லைசென்ஸ் கோரும் இளைஞரிடம் கேட்கப்படுகிறது. அவர்கள் விட்டுச்சென்ற வீதிகளையும் கட்டடங்களையும் போற்றுகிற நாம், இதையும் எடுத்துக்கொள்வதில் மானக்குறைவு ஏதுமில்லை.

பாடத்திட்டம் ஏற்கெனவே பாரமென்று சிலர் ஆட்சேபிப்பர். தொட்டி நிரப்பும் குழாய்க் கணக்கிருக்கும் இடத்தில் பிரேக் கணக்கை வைத்தால் என்ன பாரம் கூடும்? அடுத்த பள்ளியாண்டு துவங்குமுன், ஆசிரியர்களைக் கூட்டி இதை ஆலோசிக்கப் புதுவைக் கல்வி இலாகா முன்வருமா?