தாழ்ப்பாள் உள்ள ஊர்

பல்லாவரத்தில் ஒரே படுக்கையறை உள்ள போர்ஷனில், மாமியார், கல்லூரிக்குப் போகும் நாத்தனார், புருஷன் என்று நால்வராகக் குடியிருக்கும் ஒரு பெண், “எங்கயாவது கடல் பக்கமா ரெண்டு நாள் போய்ட்டு வரணும்க்கா” என்றால், அந்த ஆசையில் கடலின் பங்கு கொஞ்சம்தான். மீதியெல்லாம் தாழ்ப்பாளுக்கு. படுக்கையறையைப் புதுசுகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மாமியாரும் நாத்தனாரும் ஹாலில்தான் படுக்கிறார்கள். ஆனால் வீட்டின் ஒரே பாத்ரூம் அந்த அறைக்குள் இருக்கிறது. பத்து மணிக்குச் சாத்திய கதவைப் பத்தரைக்கு யாராவது தட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். அவனுக்குத் தாம்பரம் மெப்ஸில் ஷிப்ட் வேலை, அவளுக்குத் துரைப்பாக்கத்தில். ஆவணியில் கல்யாணம். அதற்கப்புறம் போனதெல்லாம் விருந்துக்கு, தலை தீபாவளிக்கு, ஒரு காது குத்துக்கு. இரண்டு பேர் மட்டுமாகப் போன இடம் என்று யோசித்தால், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போன அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது என்றாள். பொங்கல் கழித்து லீவு கிடைக்கும், எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்டார்கள். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு ஊர் தெரியும் என்ற நம்பிக்கை.

அவளுக்குக் கோவா. ரீல்ஸில் பார்த்துப் பார்த்து பாகா பீச்சுக்கு வழி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். அவனுக்குப் பாண்டிச்சேரி, காரணம் பக்கம் என்பது மட்டுமே. நான் பாண்டிச்சேரிக்கு எதிரி இல்லை. சாயங்காலம் ஆனதும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், காந்தி சிலையிலிருந்து இந்தக் கோடி அந்தக் கோடி கால் வலிக்க நடக்கலாம். ஆனால் வார இறுதியில் அங்கே பாதிச் சென்னை நடந்துகொண்டிருக்கும். ஷிப்ட் சூப்பர்வைசரைக் குடும்பத்தோடு சந்திக்கவா அவ்வளவு தூரம் போவது? கோவாவோ, நல்ல ஊர், ஆனால் வீட்டில் என்ன சொல்வது? “கோவாவா? அங்க என்ன இருக்கு?” என்று மாமியார் கேட்டால் பதில் சொல்லும் தெம்பு இரண்டு பேருக்கும் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் கடற்கரையின் பெருந்தன்மை உதவிக்கு வருகிறது. வேளாங்கண்ணி, நாகூர், ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று அலையடிக்கும் இடத்திலெல்லாம் ஒரு சாமியையோ மாதாவையோ தர்காவையோ வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ தம்பதிகள் முதன்முதலாக அலையில் கால் நனைத்தது ‘கோயிலுக்குப் போறோம்’ என்று சொல்லிவிட்டுத்தான். நானும் அதையே சொன்னேன்: ராமேசுவரம் என்று சொல்லுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

மறுத்தார்கள். முதலில் சின்ன மாமியார், போனில்: “திதி குடுக்கிற ஊருக்கா புதுசா கல்யாணம் ஆனதுங்க போறது?” சரி, கன்னியாகுமரி? “அந்த அம்மனுக்கே கல்யாணம் நின்னுபோச்சு, அங்க போய் நிக்கணுமா?” திருச்செந்தூர்? அது சூரனோடு சண்டை போட்ட இடமாம். கல்யாணம் நடந்தது திருப்பரங்குன்றத்தில், வேண்டுமானால் அங்கே போகட்டும் என்றார். திருப்பரங்குன்றத்தில் கடல் இல்லை. தல புராணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் புதுத் தம்பதிக்குத் தோதான கடற்கரை தமிழ்நாட்டில் ஒன்றுகூடத் தேறாது போலிருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ராமேசுவரம் என்று காதில் விழுந்ததும் மாமியார் முகம் மலர்ந்து, “நானும் வரேனே, பாத்து எத்தனை வருஷமாச்சு” என்றார். கோயிலைச் சொன்னால் அனுமதி கிடைக்கும், கூடவே துணையும் கிடைத்துவிடும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. இதில் அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் கல்யாணமான புதிதில் போன முதல் பயணம், மச்சினர் பிள்ளைக்கு மொட்டை போடப் பழனிக்கு, ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களோடு. கணவர் முன் சீட்டில், இவர் கடைசி சீட்டில் புளியோதரைத் தூக்கோடு. தாழ்ப்பாள் என்ற ஒன்றுக்காக ஊர் போகலாம் என்பது அவர் காலத்தில் யாரும் அவருக்குச் சொல்லாத விஷயம்.

முடிச்சை அவிழ்த்தது மருமகள். “சண்டையெல்லாம் முடிஞ்சு ராமரும் சீதையும் சேர்ந்து வந்த ஊர்தானே அத்தை அது? அனுமார் லிங்கம் கொண்டுவர லேட்டாச்சுன்னு சீதைதானே மண்ணுல பிடிச்சு வெச்சாங்க? ஜோடியா போற ஊருதான். ஆடி அமாவாசைக்கு உங்களை அவர் கூட்டிட்டுப் போய் மாமாவுக்குத் திதி குடுக்கட்டும். இந்தத் தடவை நாங்க போய் வழி பாத்துட்டு வரோம்.” மாமியார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அமாவாசை எந்தத் தேதி என்று காலண்டரைப் பார்க்கப் போனார். இந்தப் பெண் மெப்ஸ் தொழிற்சங்கத்தில் இருக்க வேண்டியவள்.

பல்லாவரத்துக்காரர்களுக்கு ராமேசுவரம் இப்போது தாம்பரத்தில் கிளம்புகிறது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்த நாளிலேயே தாம்பரம் - ராமேசுவரம் ரயிலும் தொடங்கியது. விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு வகையில் இது பழைய பழக்கம். 1914-ல் முதல் பாம்பன் பாலம் வந்தபோது எழும்பூரில் ஏறிய போட் மெயில் பயணிகள் இந்தப் பல்லாவரத்தைத் தாண்டித்தான் தனுஷ்கோடி போய், அங்கே கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். இப்போதைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் 72.5 மீட்டர் துண்டு ஒன்று கப்பல் வந்தால் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே எழும்பும். இந்தியாவில் கடல் மேல் இப்படி ஒரு பாலம் இதுதான் முதல். போகும்போது பாலம் வருவது விடிவதற்கு முன்னால், இருட்டில் ஒன்றும் தெரியாது. திரும்பும் ரயில் பிற்பகலில் கிளம்புகிறது. ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்ள வேண்டியது அப்போதுதான்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். 2024 அக்டோபர் 31 வரை 120 நாளாக இருந்தது. ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு 60 நாளே நல்லது, நாலு மாதம் கழித்து எந்த ஷிப்ட் என்று யாருக்குத் தெரியும்? தை அமாவாசையை ஒட்டிய நாட்களை மட்டும் தொடாதீர்கள் என்றேன். அன்றைக்கு அக்னி தீர்த்தத்தில் கடலைவிடத் தலைகள் அதிகம். மற்றபடி தை நல்ல மாதம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும்.

செலவு விஷயத்தில்தான் எனக்கும் அவனுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். “ரூமுக்கு எதுக்கு அவ்ளோ அக்கா? தூங்கத்தானே போறோம், பகல்ல பூரா சுத்தத்தான போறோம்” என்றான். பகலில் சுற்றுவதாவது! வெளிநாட்டுக் கடற்கரை விளம்பரமெல்லாம் வெயிலை விற்கிறது. பனியில் உறைந்து கிடந்துவிட்டு வருகிறவர்களுக்கு அது சரி. ஜிஎஸ்டி ரோடு சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் வெந்தவன் வெயிலைக் காசு கொடுத்து வாங்க என்ன தலையெழுத்து? நமக்குக் கடற்கரை என்பது காலை எட்டு மணி வரை, பிறகு மாலை நாலுக்கு மேல். நடுவில் இருக்கும் எட்டு மணி நேரம் அறைக்குள்தான். ஆகவே சாப்பாட்டில் மிச்சம் பிடி, ஆட்டோவுக்குப் பதில் பஸ்ஸில் போ, அறையில் கை வைக்காதே என்றேன். அவள் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

அறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. விடியுமுன் இறங்குகிறவர்கள் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேட்காமல் பணம் கட்டக்கூடாது. இல்லாவிட்டால் பெட்டியோடு வரவேற்பறையில் அரை நாள். அவளுடைய ஆதாரில் இன்னும் அப்பா பெயர், செய்யாறு முகவரி. கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டு கார்டையும் மாறி மாறிப் பார்க்கக்கூடும். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் ஒன்றாகத் தங்குவது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கோவை விடுதி வழக்கொன்றில் 2019-லேயே சொல்லிவிட்டது. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மனிதரிடம் தீர்ப்பை எடுத்துச் சொல்வதைவிடக் கல்யாணப் பத்திரிகையின் படத்தைப் போனில் வைத்திருப்பது சுலபம்.

22 தீர்த்தமும் ஆடுவதானால் முதல் நாள் காலையிலேயே முடித்துவிட வேண்டும். முதலில் கடல், அப்புறம் கிணறு கிணறாக வாளித் தண்ணீர், பிறகு உடை மாற்றிக்கொண்டு தரிசனம். ஆயிரத்துக்கு மேல் தூண்கள் உள்ள பிராகாரத்தில் அவசரப்படாமல் நடக்கச் சொன்னேன். மாலை முழுக்கத் தனுஷ்கோடிக்கு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஒரு ஊரையும் பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோன இடம். இடிந்த மாதா கோயிலைத் தாண்டி 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு. ரோட்டின் ஒரு பக்கம் குளம் மாதிரிக் கிடக்கிற கடல், இன்னொரு பக்கம் ஆளைத் தள்ளுகிற கடல். பெண் கடல், ஆண் கடல் என்பார்கள் அங்கே. காற்று மாறினால் அமைதியும் கோபமும் பக்கம் மாறிவிடும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். பெயர் வைத்தவர்கள் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. இருட்டும் வரை இருக்க விட மாட்டார்கள், ஆகவே நாலு மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.

டிக்கெட் கிடைத்துவிட்டது. போகும்போது சைடு லோயரும் சைடு அப்பரும், திரும்பும்போது வேறு வேறு பெட்டி. யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்ளலாம். மாமியார் சந்தோஷமாக இரண்டு பொருள் மட்டும் கேட்டிருக்கிறார்: ஒரு வலம்புரிச் சங்கு, ஐந்து லிட்டர் கேன் நிறையக் கோடி தீர்த்தம். வலம்புரி விலை அவருக்குத் தெரியாது, சொல்லும் வேலை மகனுடையது. கேன் பிரச்சினைக்கு, வெள்ளிக்கிழமைச் சந்தையில் சக்கரம் ஒழுங்காக உருளும் பெட்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.