தாயின் கை பகையன்று

கடலூரிலும் சிதம்பரத்திலும், மாதம் நிறையாமல் பிறந்த சிசுவைப் பார்க்க வரும் உற்றார் உறவினர் நல்லெண்ணத்தோடு கூறும் அபிப்பிராயம் ஒன்றுண்டு: "குறைமாதக் குழந்தைக்குக் கிருமி சுலபமாகத் தொற்றிவிடும், ஆகையால் பெற்றவளும் தொடாமல் கண்ணாடிப் பெட்டியிலேயே இருப்பதுதான் க்ஷேமம்." இதன் முற்பாதி உண்மை, தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைவது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான். பிற்பாதியோ பிழை.

கிருமிக்குத் தாயே காரணம் என்பது முதல் வாதம். பிரசவ வேளையில் அவளிடமிருந்து சில கிருமிகள் தொற்றுவதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2011 முதல் 2014 வரை டில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆராய்ச்சியில், நோயுற்ற சிசுக்களின் ரத்தத்தில் முன்னணியில் நின்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா என்னும் கிருமிகளே. மருத்துவமனையின் ஈரமான மூலைகளிலும் கருவிகளிலும் கழுவாத கைகளிலும் தங்கிப் பரவக்கூடிய இவற்றுள் பெரும்பாலானவை பல மருந்துகளுக்கு அடங்காதவையாயிருந்தன.

பெட்டியே போதிய காவல் என்பது இரண்டாம் வாதம். பெட்டி உஷ்ணம் தரும்; அதனுள் நுழையும் கை அசுத்தமாயின் கிருமியைத் தடுக்காது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சியில், ஒரு கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் எடையிருந்த சிசுக்களுள், உடல்நிலை சீர்ப்பட்ட பின்னரே தாயின் மார்பில் அணைக்கப்பட்டோரில் நூற்றுக்கு 15.7 பேர் 28 நாட்களுக்குள் மாண்டனர். பிறந்தவுடனேயே அணைக்கப்பட்டோரிலோ 12 பேர். கிருமித் தொற்றும் பின்னவர்களிடம் குறைவாகவே காணப்பட்டது.

சீம்பால் ஜீரணமாகாது, சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டலாம் என்பது மூன்றாம் வாதம். சிசு கருவில் பெறாமற்போன எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைச் சீம்பாலே ஈடுசெய்கிறது; உறிஞ்ச வலுவில்லாத குழந்தைக்கும் குழாயாலோ பாலாடையாலோ அதனை ஊட்டலாம். காய்ச்சாத பிற பாலோ கிருமிக்கு வாசல் திறப்பதாகும்.

காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்வதும் தவறு. பால் குடிக்க மறுத்தல், உடல் குளிர்தல், மூச்சு இடையிடையே நின்றுபோதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதியாது சிகிச்சை தொடங்க வேண்டும்.

ஆகவே உறவினர்களே, சோப்பும் நீரும் இட்டுக் கைகழுவிய தாயை வைத்தியரின் வழிகாட்டலோடு குழந்தையிடம் அனுப்புங்கள். அங்கே சிசுவைத் தொடும் மற்றெவரும், வைத்தியரேயாயினும், ஒவ்வொரு முறையும் கைகழுவ வேண்டுமென்று அஞ்சாது கேளுங்கள்.