பொறுமைக்கும் கட்டணம் உண்டு

போக்கர் திறமையின் ஆட்டம், அதில் பொறுமைசாலி தோற்பதில்லை என்று அடித்துச் சொல்வோர் பெருகிவிட்டனர். அது திறமை சார்ந்த ஆட்டமே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அளித்த தீர்ப்பு அவர்களுக்கு நல்லதோர் ஆயுதமாயிற்று. திறமைக்கு அங்கே இடமில்லை என நான் வாதிடவில்லை. பொறுமை இலவசம் என்பதையே மறுக்கிறேன்.

டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சீட்டுக்கூடக் கைக்கு வருமுன், டீலரின் இடத்தைக் குறிக்கும் பட்டனுக்கு இடப்புறம் உள்ள இருவர் பணம் வைத்தாக வேண்டும். முதலாமவர் வைப்பது ஸ்மோல் பிளைண்ட். அடுத்தவர் வைப்பது, வழக்கமாக அதன் இருமடங்கான பிக் பிளைண்ட். கண்ணை மூடிக்கொண்டு கட்டும் பந்தயம் இது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பட்டன் ஓரிடம் நகர்வதால், இந்த வரி முறைவைத்து எல்லோரையும் வந்தடையும்.

இது இல்லாவிடில் உயர்ந்த சீட்டு வரும்வரை எவரும் பணம் வைக்கமாட்டார், ஆட்டமே நடவாது. ஆகவே காத்திருப்பவனைத் தண்டிப்பது இவ்வாட்டத்தின் குறையன்று, அதன் உயிர்நாடி.

கணக்கைப் பாருங்கள். ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் பிளைண்ட் தொகைகள் 1 டொலரும் 2 டொலரும் என்றால், ஒரு சுற்றுக்கு ஒருவர் செலுத்துவது 3 டொலர். இரண்டு ஆஸ் ஒருங்கே கிடைக்கும் வாய்ப்பு 221 இல் ஒன்று. அதற்காகவே காத்திருந்து மற்றச் சீட்டுகளையெல்லாம் வீசுபவனுக்குச் சராசரியாக 70 டொலருக்கு மேல் கரைந்துவிடும். அவன் காத்திருந்ததை மற்றவர்களும் கவனித்தே இருப்பர். அவன் பணத்தை முன்தள்ளியதும் எல்லோரும் விலகிக்கொண்டால் கிடைப்பது வெறும் 3 டொலர்! போட்டித் தொடர்களிலோ பிளைண்ட் தொகை குறித்த நேரத்துக்கொருமுறை உயர்ந்துகொண்டே போகும்.

சீட்டுப் பகிர்வு ஒழுங்காக நடக்கிறதே என்பர். உண்மைதான். டீலர் சீட்டைக் கலைக்கிறார், வெட்டுகிறார், பொதுச்சீட்டுகளைத் திறக்குமுன் ஒவ்வொரு தடவையும் மேற்சீட்டொன்றைக் கவிழ்த்தபடியே ஒதுக்குகிறார். இவையெல்லாம் மோசடியைத் தடுக்கும், நட்டத்தைத் தடுக்கா. பந்தயமே கட்டாத கசினோ, சேர்ந்த பணத்திலிருந்து தன் பங்கைக் கழித்துக்கொள்கிறது. எனவே மேசையிலிருந்து எழுவோர் கொண்டுசெல்லும் மொத்தத் தொகை, கொண்டுவந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்திய நாடாளுமன்றம் 2025 ஓகஸ்டில் இயற்றிய சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதம் பாராது இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. தடை தீர்வாகுமா என்பது வேறு விவாதம். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அதுவே: திறமை உண்டா என்பதன்று, இழப்பவர் யார் என்பது. சம்பளப் பணத்தோடு அமரும் இளைஞன் அதைக் கேட்டுவிட்டு அமரட்டும்.