வீட்டுப் பணத்துக்கும் பத்திரம் வேண்டும்



ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து காய்கறி மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கு ஒரு ஆப் செய்கிறாராம். ‘நகையை அடகு வைத்துக் கொடுத்தோம். இப்போது வெளியே முதலீடு வாங்கப் போகிறேன் என்கிறான். வாங்கலாமா?’

தாராளமாக வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த நகைப் பணம் கடனா, பங்கா?

பெற்ற பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று நினைப்போம். அம்மாவின் செயின், சித்தப்பாவின் சீட்டுப் பணம், மாமனார் விற்ற அரை ஏக்கர் எல்லாம் வாய்ப்பேச்சிலேயே தொழிலுக்குள் போய்விடும். நாளைக்கு முதலீட்டாளர் வந்து, ‘யாருக்கு எத்தனை பங்கு?’ என்று கேட்கும்போதுதான் வீட்டில் பேச்சு தடிக்கும். சித்தப்பா தன்னைக் கூட்டாளி என்று நினைத்திருப்பார். பையனோ அதைக் கைமாற்றாகத்தான் வாங்கியிருப்பான். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. எழுதி வைக்காததுதான் வினை. ஆடிட்டரிடம் போய் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் உறவு கெட்டுவிடாது.

அடுத்தது வெளியார் பணம். இதற்கு வட்டி இல்லை, மாதத் தவணை இல்லை. அதனாலேயே பலருக்கு இனிக்கிறது. ஆனால் அவர்கள் வாங்குவது கம்பெனியில் ஒரு பங்கு. நூறு சதவீதமும் உங்கள் கையில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் சுற்றில் 20 சதவீதம் கொடுத்தால் மிச்சம் 80. அடுத்த சுற்றில் அந்த 80-லும் 20 சதவீதம் போனால் 64. இரண்டே சுற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, கவனித்தீர்களா? தமிழக அரசின் ‘ஸ்டார்ட்அப் டிஎன்’ கூட டான்சீட் திட்டத்தில் ஆரம்ப நிதி தரும்போது 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால், நம் பிள்ளைகள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

அவசரமும் வேண்டாம். நம் தலப்பாக்கட்டியையே பாருங்கள். 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணிக் கடை அது. சிஎக்ஸ் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தபோது கடைக்கு அறுபது வயது ஆகிவிட்டது. அதற்குள் சீரகச் சம்பாவின் ருசி ஊர் ஊராகப் பரவியிருந்தது. பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உயர்நீதிமன்றம் வரை போய் வாதாடியும் இருந்தார்கள். அப்படிப்பட்ட கடை பேரம் பேச உட்கார்ந்தால் எதிராளி யோசித்துத்தானே விலை சொல்வார்? அறுபது வருஷம் காத்திருக்கச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் நாலு பேராவது கையில் இருக்கட்டும் என்கிறேன்.

கூட்டாளி சேர்ப்பதிலும் எழுதி வைக்காவிட்டால் இதே வினைதான். மூன்று நண்பர்கள் ஆளுக்குச் சமமாகப் பங்கு பிரிக்கிறார்கள். ஆறு மாதத்தில் ஒருவருக்குச் சென்னையில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. அவருடைய மூன்றில் ஒரு பங்கு என்ன ஆகும்? இதற்குத்தான் ‘வெஸ்டிங்’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நாலு வருஷம் கூட இருந்தால்தான் முழுப் பங்கு. முதல் வருஷம் முடிவதற்குள் கிளம்பினால் ஒன்றும் கிடையாது. கறாராகத் தெரியலாம். பாதியில் விட்டுப் போனவருக்குக் காலமெல்லாம் உழைத்துக் கொடுப்பது மட்டும் நியாயமா?

வேலைக்கு வருகிறவர்களுக்கும் பங்கு கொடுக்கலாம். 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று படித்தோமே, அது இப்படிக் கொடுத்து வைத்த பங்குகளால்தான். எல்லோருக்கும் அப்படி வாய்த்துவிடாது. சந்தைக்கே போகாத கம்பெனியின் பங்கை வைத்துக்கொண்டு மளிகைக் கடன்கூட அடைக்க முடியாது. அதனால் பங்கு தருகிறோம் என்று சொல்லிச் சம்பளத்தை ரொம்பக் குறைக்காதீர்கள். வருகிற பையனுக்கும் வீட்டில் வாடகை இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்